அரசும் நூதனசாலையும்: திருகோணமலைத் துறையிலிருந்து சில சிந்தனைகள்

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய கப்பலொன்று இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலே, ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக நகரில் நிற்கின்றது. 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள் பம்பாயிலே நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் அது. நெப்போலியனோடு நிகழ்ந்த நீண்ட போர்களில் பிரித்தானியா தன் கருவாலி மரங்களைப் பெரும்பாலும் வெட்டித் தீர்த்துவிட்ட காலம். ஆகவே தேக்கு மரங்கொண்டு, பார்சி இனத்து வாடியா குடும்பத்தாரின் மேற்பார்வையில், இந்தியத் தொழிலாளரின் கைகளால் அக்கப்பல் கட்டப்பெற்றது. 1782இல் நமது துறைக்கு அண்மையில் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய கடற்போரை நினைவுகூர்ந்து, அதற்குத் 'திருகோணமலை' என்றே பெயர் சூட்டினர். இன்று அது பிரித்தானிய அரச கடற்படையின் தேசிய நூதனசாலைக்குரிய காட்சிப்பொருள். பல ஆண்டுகள் செலவிட்டுப் பெரும்பொருள் திரட்டி அதனைப் பழுதுபார்த்திருக்கின்றனர். மிதக்கும் நிலையிலுள்ள மிகப் பழைய பிரித்தானியப் போர்க்கப்பல் என்று பெருமையுடன் காட்டுகின்றனர்.

இதைச் சொல்வது பொறாமையினால் அன்று. ஒரு நாட்டின் அரசு எதனைப் பேணுகின்றது, எதனைப் பேணாது விடுகின்றது என்ற வினாவை இக்கப்பல் நம் முன்னே நிறுத்துகின்றது. கட்டுவித்த வாடியாவின் பெயர் சரித்திரத்தில் நிற்கின்றது. கப்பலை ஏவிய தளபதிகளின் பெயர்கள் நிற்கின்றன. எந்தத் துறையின் பெயரை அது தாங்கிற்றோ அத்துறையின் மக்கள் அக்கதையில் எங்கே? அதனைச் செதுக்கிய தச்சர்கள் எங்கே? இந்த வினாவைக் கையில் ஏந்திக்கொண்டுதான் நாம் உலகத்து நூதனசாலைகளுக்குள்ளும், பின்னர் நமது துறைமுக மாவட்டத்துக்குள்ளும் புகவேண்டியிருக்கின்றது.

இலண்டன் நகரத்துப் பிரித்தானிய நூதனசாலையில் தாரா தேவியின் திருவுருவம் ஒன்று உள்ளது. பொன்முலாம் பூசிய வெண்கல வார்ப்பு. உயரம் 143 சென்ரிமீற்றர். கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டுக்குரியது என்பது அறிஞர் கணிப்பு. மெலிந்த இடையும், வரமருளும் கையும், உயர்ந்த சடாமகுடமும் கொண்ட இவ்வுருவத்தை ஆசியக் கலையின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாகக் கருதாதார் இலர். இது கிடைத்த இடம் எது? திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையோரம். இதனைத் தன்வசமாக்கிக்கொண்டவர் தேசாதிபதி சேர் றொபேட் பிரவுண்றிக். 1815இல் கண்டி இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்குக் கீழ்ப்படுத்தியவரும், 1818இல் ஊவாக் கிளர்ச்சியை ஈவிரக்கமின்றி நசுக்கியவரும் அவரே. அவர் அளித்த நன்கொடையாக 1830இல் தாரா இலண்டன் போய்ச் சேர்ந்தாள்.

நன்கொடை என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கொடுப்பதற்கு உரிமை உடையவன் கொடுப்பதே கொடை. ஒரு நாட்டைத் துப்பாக்கி முனையில் ஆண்ட தேசாதிபதி, அந்நாட்டு மண்ணிலிருந்து வெளிவந்த செல்வத்தைத் தன் நாட்டுக்குக் கொடையளித்தார் என்று பெயர்ப்பலகையில் எழுதும்போது, அந்த ஒரு சொல்லில் குடியேற்ற ஆட்சியின் முழு நியாயமும் அடங்கிவிடுகின்றது. ஆயுதத்தால் பெற்றதைச் சொல்லால் தூய்மை செய்யும் வேலையை நூதனசாலை ஏற்றுக்கொள்கின்றது.

அவ்வேலைக்குச் சட்டமும் துணைநிற்கின்றது. 1753இல் பாராளுமன்றச் சட்டமொன்றால் நிறுவப்பெற்று 1759இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பிரித்தானிய நூதனசாலையை ஆள்வோர் தருமகர்த்தர்கள். அவர்களுள் பெரும்பான்மையோரை நியமிப்பவர் பிரதம மந்திரி. 1963ஆம் ஆண்டுச் சட்டம், மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, நூதனசாலைப் பொருள்களை எவருக்கும் கையளிக்கக்கூடாது என்று அத்தருமகர்த்தர்களின் கைகளைக் கட்டிவைத்திருக்கின்றது. திருப்பித் தாருங்கள் என்று கேட்போரிடம் அரசு, 'அது தருமகர்த்தர்களின் பொறுப்பு' என்கின்றது; தருமகர்த்தர்கள், 'அரசின் சட்டம் தடுக்கின்றது' என்கின்றனர். வாயிலில் இரு காவலர் நின்று ஒருவரையொருவர் சுட்டிக்காட்டும் இவ்வேற்பாடு சுரண்டலின் பழைய தந்திரங்களுள் ஒன்று.

இதற்கு மாறான நிகழ்ச்சிகளும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. கண்டி மன்னரின் சிம்மாசனமும் முடியும் 1934இல் இலங்கைக்குத் திரும்பி வந்தன. நெதர்லாந்து அரசு 2023இல், கண்டியிலிருந்து 18ஆம் நூற்றாண்டிலே கொள்ளையாகக் கொண்டுசென்ற சிறு பீரங்கி உள்ளிட்ட ஆறு பொருள்களை மீள ஒப்படைத்தது. நமது நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. எச். டி. எச். டி சில்வா, உலகெங்கும் சிதறிக் கிடக்கும் இலங்கைப் பழம்பொருள்களைத் தேடித் தொகுத்து 1975இல் வெளியிட்ட பட்டியல் நூல் இத்தகைய மீட்புக்கு அடித்தளமிட்ட பெரும்பணி. அரசாங்க ஊழியர் ஒருவர் மனம்வைத்தால் எத்தகைய பணி செய்யலாம் என்பதற்கு அந்நூல் சான்று.

எனினும் நாம் கேட்க விரும்பும் வினா இதற்கு அப்பாலுள்ளது. தாரா நாளை இலங்கைக்குத் திரும்பி வருகின்றாள் என்று கொள்வோம். எங்கே வருவாள்? இலண்டனிலிருந்து கொழும்புக்கு ஒரு பயணம். கொழும்பிலிருந்து கிழக்குக் கரைக்கு இன்னொரு பயணம். முதற் பயணத்துக்காகக் குரலெழுப்புவோரில் எத்தனை பேர் இரண்டாவது பயணத்தைப் பற்றிச் சிந்தித்திருக்கின்றனர்?

கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் திறக்கப்பட்டது. அதற்குக் காரணராயிருந்த தேசாதிபதி சேர் வில்லியம் கிறகறியின் சிலை இன்றும் அதன் முற்றத்தில் நிற்கின்றது. வெள்ளை மாளிகைபோல் விளங்கும் அக்கட்டடத்தை வரைந்தவர் சிமிதர் என்ற ஆங்கிலேயர். கட்டி முடித்தவர் வாப்புச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தகாரர். 1942ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழி தேசிய நூதனசாலைகள் திணைக்களம் தோன்றிற்று. சுதந்திரத்திற்கு முன்னரே அமைந்த அந்த நிருவாக முறை சுதந்திரத்திற்குப் பின்னரும் அடிப்படையில் மாறவில்லை. தலைநகரிலே ஒரு பெருமனை. வெளியூர்களில் அதன் கிளைகள். அமைச்சர்கள் மாறும்போது ஓர் அமைச்சிலிருந்து இன்னோர் அமைச்சுக்குக் கைமாறும் திணைக்களம். தம் ஊர்ப் பொருள் எங்கே இருத்தல் வேண்டும், அதன் கீழே என்ன எழுதப்படல் வேண்டும் என்பதில் பொருள் கிடைத்த ஊராருக்கு வாக்கில்லை.

ஆனால் அந்த மாளிகையில் உள்ள பொருள்களோ அரசியல்வாதிகளின் மேடைப் பேச்சைவிட நேர்மையானவை. நாம் சுட்டிய சிம்மாசனத்தையே எடுத்துக்கொள்வோம். 1693இல் ஒல்லாந்தத் தேசாதிபதி இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்குப் பரிசாக அளித்தது அது. சிங்கள மன்னர் அமர்ந்த அதே ஆசனத்தில் பின்னர் தென்னிந்திய நாயக்க வமிசத்தாரும் அமர்ந்தனர். அந்நியன் செய்து கொடுத்த ஆசனம், பல குலத்தவர் அமர்ந்த ஆசனம், இன்று தேசத்தின் தனிப்பெருஞ் சின்னமாகக் காட்டப்படுகின்றது. அதில் தவறில்லை; தேசம் என்பதே அப்படிப் பல கைகள் சேர்ந்து செய்ததுதான். அந்த உண்மையைச் சொல்லாமல் மறைப்பதே தவறு.

அதே நூதனசாலையில் காலியிலே கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்த அக்கல்லில் 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கின்றது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழிகளில் அமைந்தது அது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேவுந்துறை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை கூறப்படுகின்றது. கடல் கடந்து வந்த ஓர் அந்நியன், இத்தீவின் துறைமுகத்தில் எவரெவர் வாழ்கின்றனர், எம்மொழிகள் வழங்குகின்றன என்பதை அறிந்து கல்லில் வெட்டுவித்தான். அவன் அறிந்ததை, 547 ஆண்டுகளுக்குப் பின்னர் 1956இல் தனிச்சிங்களச் சட்டம் இயற்றிய நமது பாராளுமன்றம் அறிய மறுத்தது. கல்லைப் பேணிக் காத்த அரசு கல்லின் பொருளைக் கைவிட்டது. ஒரு நூதனசாலை எவ்வளவு செம்மையாகப் பராமரிக்கப்பட்டாலும், அதன் பாடத்தை ஆட்சி கற்காவிடின் அது பூட்டிய பெட்டியே ஆகும்.

இனி நமது மாவட்டத்துக்கு வருவோம். திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தாரும் வாழ்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி எந்தவொரு சமூகமும் தனித்துப் பாதிக்குமேல் இல்லை. மூதூர், வெருகல் பகுதிகளில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர். இம்மண்ணின் பழம்பொருள்களும் இம்மக்களைப் போன்றே ஒரு வேலிக்குள் அடங்க மறுப்பவை.

பெரியகுளத்துக்கு அருகேயுள்ள வெல்கம் விகாரையைப் பாருங்கள். பௌத்தப் பள்ளி அது. சோழராட்சிக் காலத்தில் அதற்கு 'இராசராசப் பெரும்பள்ளி' என்ற பெயர் வழங்கிற்று. அங்குக் கிடைத்த 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. புத்தர் முன்னே விளக்கெரிப்பதற்குப் பசுக்களையும் பொருளையும் தானமளித்த தமிழரைப் பற்றி அவை கூறுகின்றன. சைவத் தமிழ்ப் பேரரசின் ஆட்சியில், தமிழ் பேசிய பௌத்தர்கள், சிங்களவரும் போற்றிய விகாரைக்கு விளக்கேற்றினர். வடக்கே திரியாயிலே, பௌத்த தூபிக்கு அருகிலுள்ள பாறையில் வடமொழியிலே கிரந்த எழுத்தில் வணிகர் குழாத்தைப் புகழும் சாசனம் ஒன்று இருக்கின்றது. பௌத்தமெல்லாம் சிங்களம் என்போர்க்கும், தமிழெல்லாம் சைவம் என்போர்க்கும் இவ்விரு இடங்களும் ஒருங்கே விடை கூறுகின்றன. இவ்விடை இரு தரப்பாருக்கும் கசப்பானது. ஆகவேதான் இரு தரப்பு மேடைகளிலும் அது பெரிதாக ஒலிப்பதில்லை.

கோணேசர் கோயிலின் கதையும் எண்ணத்தக்கது. 1622இல் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தனர். இடித்த கற்களையே கொண்டு மலைமீது கோட்டை கட்டினர். பின்வந்த ஆங்கிலேயர் அதற்குப் பிரெடெரிக் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டை வாயிலில், பாண்டியரின் இரட்டை மீன் சின்னமும் பழந்தமிழ்ச் சாசன வரிகளும் பொறித்த கல் சுவரோடு சுவராக நிற்பதைக் கோயிலுக்குப் போவோர் காணலாம். சுவராக மாறிய பின்னும் தன் மொழியை மறவாத கல் அது. கோட்டை இன்றும் இராணுவத்தின் வசமே உள்ளது. வழிபடச் செல்வோர் படைமுகாமின் ஊடாகவே செல்கின்றனர்.

அக்கோயிலின் செப்புத்திருமேனிகள் சில 1950இல் நகரிலே கிணறு தோண்டுகையில் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தன. அழிவுக்கு அஞ்சிய அடியார்கள் புதைத்து வைத்தவை அவை என்பது பொதுவான கருத்து. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் அவர்தம் தோழர் மைக் வில்சனும் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி, ஆழத்தில் கிடந்த கோயிற்றூண்களைக் கண்டனர். மண்ணிலிருந்து எழுந்த திருமேனிகள் கண்ணாடிப் பேழைக்குள் செல்லவில்லை. புதுக்கிய கோயிலுக்குச் சென்று மீண்டும் வழிபாட்டுக்குரியனவாயின. இதனை நாம் எப்படி மதிப்பிடுவது? கலைப்பொருள் நூதனசாலையில் இருந்தால்தான் காக்கப்படும் என்பது அறிஞர் வாதம். மக்களின் கையில் இருந்தால்தான் அது உயிர்வாழும் என்பது அடியார் வாதம். ஆலய நிருவாகம் ஊரார் அனைவருக்கும் பொதுவாய் இருந்தாலன்றி 'மக்களின் கை' என்ற சொல்லும் பொய்யாகிவிடும். ஆலயக் கதவு சாதிபார்த்துத் திறந்த காலம் வெகுதொலைவில் இல்லை என்பதை முற்போக்காளர் மறத்தலாகாது. எனினும், தாம் புதைத்ததைத் தாமே மீட்டு, தம்மிடையே வைத்துக்கொண்ட ஒரு சமூகத்தின் உரிமையுணர்வு மதிக்கத்தக்கது. இலண்டனில் நிற்கும் தாராவுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

இத்தகைய மண்ணிலே அரசு தொல்பொருளைப் பேண வந்த விதம் எது? 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கிழக்கு மாகாணத்துத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணியொன்று நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதலில் நியமிக்கப்பெற்ற பதினொருவரில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இல்லை. தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் பழமையை ஆராய, தமிழ் பேசும் ஒருவர்கூடத் தேவைப்படவில்லை! கல்வெட்டைப் படிக்கத் தமிழ் வேண்டும். செயலணியில் அமரத் தமிழ் வேண்டாம் என்பதே அதன் பொருள். அதை அமைத்த ஜனாதிபதி 2022 ஜூலையில் மக்கள் எழுச்சியின் முன்னே பதவி துறந்தார். ஆனால் அச்செயலணி விதைத்த ஐயம் அவரோடு போய்விடவில்லை. வயலோரத்தில் தொல்பொருளியல் திணைக்களத்தின் எல்லைக்கல் நாட்டப்பட்டால், தன் பாட்டன் காலத்துப் பெருமை வெளிவருகின்றது என்று மகிழவேண்டிய உழவன், தன் நிலம் போகின்றது என்று அஞ்சுகின்றான். மக்களுக்கும் அவர்தம் பழமைக்கும் இடையே அச்சத்தை வளர்த்த ஆட்சி, பழமையைப் பேணிற்று என்று எவ்வாறு கூறுவது?

நமது நகரில் நூதனசாலை இல்லாமலில்லை. உள்துறைமுகத்தின் அருகே, ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளர் வாழ்ந்த பழைய இல்லத்தில், கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று நூதனசாலை 2013இல் திறக்கப்பட்டது. கடற்படைத் தளத்தின் உள்ளே, ஊட் கோபுரத்தில், கடற்படையினரே நடத்தும் நூதனசாலை ஒன்றும் உண்டு. அழிந்துபோகவிருந்த ஒல்லாந்த இல்லம் காக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. மாணவர்கள் அதனைச் சென்று பார்த்தல் வேண்டும். ஆயினும் இவ்விரண்டின் பெயர்களையும் இருப்பிடங்களையும் ஒருங்கு நோக்குங்கள். ஒன்று ஆணையாளன் இல்லம், மற்றது படைத்தளம். துறைமுகத்தின் வரலாறு என்றால் கப்பற்படையின் வரலாறு என்ற எண்ணம் அவற்றின் வாயிற்படியிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

பாடசாலையிலும் நாம் அப்படியே கற்றோம். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தனர். 1782இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானியர் குண்டு வீசினர். 1957இல் ஆங்கிலக் கடற்படை வெளியேறிற்று. யார் யாரிடமிருந்து பிடித்தார் என்ற இப்பட்டியலில், பிடிபட்டவர்கள் எவரும் பேசுவதில்லை. கப்பல்களுக்கு நிலக்கரி சுமந்தவர் யார்? துறையிலே பொதி இறக்கியவர் யார்? ஆங்கிலத் தளம் மூடப்பட்ட அன்று வேலையிழந்த தொழிலாளியின் அடுப்பு எப்படி எரிந்தது? கரைவலை இழுத்தவனின் பாட்டும், முத்துக் குளித்தவனின் மூச்சும், கிண்ணியாவிலிருந்து தோணியில் விறகு கொண்டுவந்தவனின் கணக்கும் வரலாறாகாவோ?

நிலாவெளி செல்லும் வீதியிலே போர்க்கால மயானம் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் மடிந்த படையினர் அங்கே துயில்கின்றனர். ஒரே அளவான கற்கள். தளபதியாயினும் சாதாரண மாலுமியாயினும் வேறுபாடில்லை. பெயர், படை, இறந்த நாள் யாவும் செம்மையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்கையும் சமத்துவத்தையும் நாம் குறைகூறவில்லை. அங்கே கிடக்கும் இளைஞரும் தம் நாட்டு ஆளும் வர்க்கத்தின் போருக்குப் பலியானவரே. ஆனால் அம்மயானங்களைப் பேணும் ஆணைக்குழுவே, முதலாம் உலகப் போரில் மாண்ட ஆபிரிக்கரும் இந்தியருமான பல்லாயிரவர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்பதை 2021இல் ஒப்புக்கொண்டது. கல்லிலும் நிறபேதம் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. சிப்பாய்க்கே அந்நிலையென்றால், அவன் கப்பலுக்கு எண்ணெய் நிரப்பிய கூலியாளின் பெயரை எக்கல்லில் தேடுவது?

எண்ணெய் என்றதும் சீனன்குடாத் தாங்கிகள் நினைவுக்கு வருகின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஆங்கிலேயர் தம் கடற்படைக்கென அங்கே 101 பாரிய எண்ணெய்த் தாங்கிகளை அமைத்தனர். இன்று எஞ்சியவை 99. 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தின்படி 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கும் பிரிக்கப்பட்டன. 61, 24, 14: கூட்டிப்பாருங்கள், 99. ஒன்றும் மிஞ்சவில்லை. காடு வெட்டி, மண் அகழ்ந்து, இரும்புத் தகடுகளைப் பொருத்திய உழைப்பாளியின் நினைவுக்கென ஒரேயொரு தாங்கியை ஒதுக்கிவைக்கும் எண்ணம் இரு அரசுகளில் எதற்கும் உதிக்கவில்லை. வணிகத்துக்குப் பயன்படும்வரை அவை சொத்து, துருப்பிடித்தால் இரும்பு. அவற்றில் ஒரு வரலாறு உண்டு என்பதை எந்தப் பேரேடும் கணக்கிற் கொள்வதில்லை.

அரசு நடத்துவதால்தான் இக்கேடு, தனியார் கையில் கொடுத்தால் தீரும் என்று வாதிப்போர் உளர். அவ்வாதத்துக்கு நாம் உடன்படோம். அரசன் மாளிகையாயிருந்த லூவர், பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாக 1793இல் மக்களின் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பொதுவுடைமை என்ற கருத்து இன்றிப் பொது நூதனசாலை என்பது பிறந்திராது. ஆனால் அரசுடைமை ஒன்றே போதும் என்பதும் பேதைமை. புரட்சிக்குப்பின் மக்கள் சொத்தாக்கப்பட்ட லெனின்கிராட்டின் ஹெர்மிற்றாஜ் நூதனசாலையிலிருந்து, 1930-31இல் ரபாயேலின் ஓவியம் உட்பட இருபத்தொரு பேரோவியங்கள் அமெரிக்க முதலாளி மெலனுக்கு இரகசியமாக விற்கப்பட்டன. விற்றது சோவியத் அரசு. கேட்கப்படாதவர் சோவியத் மக்கள். நம் தரப்பில் நிகழ்ந்தது என்பதற்காக இதனை நாம் மறைத்தல் தகாது. பிரேசில் நாட்டின் தேசிய நூதனசாலை 2018 செப்டெம்பர் 2ஆம் நாள் இரவு தீக்கிரையாயிற்று. பராமரிப்புக்குப் போதிய பணம் ஒதுக்காத ஆட்சியின் அலட்சியத்தில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பொருள்களைக் கொண்டிருந்த தொகுதியின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 2025 மார்ச் மாதம் ஜனாதிபதி பிறப்பித்த ஆணையொன்று, சிமித்சோனியன் நூதனசாலைகளில் நாட்டின் பெருமைக்கு இழுக்கெனத் தாம் கருதும் விளக்கங்களை நீக்கும்படி பணித்தது. அடிமை முறையின் கொடுமையைக் கூறுவது தேசத்துக்கு இழுக்காம். அடிமை முறையை நடத்தியது இழுக்கில்லையாம்!

விற்கும் அரசு, எரியவிடும் அரசு, வாயடைக்கும் அரசு: இம்மூன்றும் மூன்று வேறு அரசியல் முறைகளிலே நிகழ்ந்தவை. மூன்றிலும் பொதுவாக உள்ளது ஒன்றே. பொருளின் உரிமை மக்கள் பெயரில் இருந்தது. அதிகாரம் மக்கள் கையில் இல்லை.

அதிகாரம் மக்கள் கைக்கு வந்தால் என்ன நிகழும் என்பதற்குத் தென்னாபிரிக்கா சான்று தருகின்றது. கேப்டவுன் நகரில் 'ஆறாம் வட்டாரம்' என்ற தொழிலாளர் குடியிருப்பை 1966இல் வெள்ளையருக்குரிய பகுதியென அரசு பிரகடனஞ் செய்து, அறுபதாயிரம் மக்களை வெளியேற்றி, வீடுகளைத் தரைமட்டமாக்கிற்று. அம்மக்களே 1994இல் பழைய தேவாலயமொன்றில் தமக்கென ஒரு நூதனசாலையை அமைத்தனர். தரையில் விரித்த தெருப்படத்தில் தத்தம் வீடு இருந்த இடத்தில் தம் பெயரைத் தாமே எழுதினர். இடித்தவர்கள் கழற்றிய தெருப் பெயர்ப்பலகைகள் அங்கே தொங்குகின்றன. ரொபன் தீவுச் சிறையோ 1997இல் நூதனசாலையாயிற்று. முன்னாட் கைதிகளே அங்கு வருவோருக்கு வழிகாட்டினர். பொன்னும் சிம்மாசனமும் இல்லாத இந்நூதனசாலைகளைக் காண உலகமே செல்கின்றது.

நமது மாவட்டத்திலும் அத்தகைய தெருப்படத்தை விரிக்க இடமுண்டு. 2006இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓடிய சம்பூர் மக்கள், உயர் பாதுகாப்பு வலயம் என்றும் மின்நிலையம் என்றும் தம் ஊர் அடைபட்டுக் கிடக்க, ஏறத்தாழப் பத்தாண்டுகள் முகாம்களில் வாழ்ந்து 2015க்குப் பின்னரே திரும்பினர். அவர்கள் தம் வீட்டுத் திறப்புகளை எத்தனை காலம் மடியில் வைத்திருந்தனர் என்று கேட்டறியப்பட்டதுண்டா? 2006 ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட படையினர் பதின்மூவரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். நீதிமன்றத்தில் இடம் கிடைக்காத நினைவுக்கு நூதனசாலையிலேனும் இடம் வேண்டாமா? அதே நூதனசாலையில், போராளிகளாலும் குண்டுவெடிப்புகளாலும் உயிரிழந்த சிங்கள, முஸ்லிம் குடும்பங்களின் துயருக்கும், 2006இல் மூதூரிலிருந்து வெளியேறிய முஸ்லிம் மக்களின் அலைச்சலுக்கும் இடம் இருத்தல் வேண்டும். ஒரு சாராரின் கண்ணீரை மட்டும் காட்டும் இல்லம், சுவரில் மாட்டிய துண்டுப்பிரசுரமாகிவிடும்.

நமது கோரிக்கைகள் எளியவை. மாவட்டத்தில் கிடைக்கும் பழம்பொருள் மாவட்டத்திலேயே வைக்கப்படல் வேண்டும். பாதுகாப்புக்காகக் கொழும்பு செல்லவேண்டியதாயின் அது இரவலாகவே செல்லல் வேண்டும். விளக்கங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஒரே அளவான எழுத்தில், ஒரே உண்மையைக் கூறல் வேண்டும். நிருவாகக் குழுவில் மூன்று சமூகத்தாரும், ஆசிரியரும், துறைமுகத் தொழிலாளரும், மீனவரும் அமர்தல் வேண்டும். பாதுகாப்பு அமைச்சுக்கு அதில் வேலையில்லை. சீனன்குடாவின் 99 தாங்கிகளுள் ஒன்றேனும் உழைப்பாளர் நூதனசாலையாதல் வேண்டும்.

அரசு இவற்றைச் செய்யும்வரை ஆசிரியரும் மாணவரும் வாளாவிருக்கத் தேவையில்லை. அடுத்த முறை மாணவரை அழைத்துக்கொண்டு ஒல்லாந்த ஆணையாளர் இல்லத்துக்குச் செல்லும் ஆசிரியர், 'இங்கே என்ன இருக்கின்றது?' என்று கேட்பதோடு 'இங்கே யார் இல்லை?' என்றும் கேட்கட்டும். வீட்டுக்குத் திரும்பிய மாணவன் தன் பாட்டியிடம் கேட்கட்டும். பழைய கூப்பன் புத்தகம், துறைமுக நுழைவுச்சீட்டு, வலை பின்னும் ஊசி, முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, அக்கரையிலிருந்து வந்த கடிதம் என்று ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் இருக்கும். அதனை எவர் பயன்படுத்தினார், எந்த ஆண்டில், எதற்காக என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வைக்கட்டும். பாடசாலையின் ஒரு மூலை போதும். கண்ணாடிப் பேழை பின்னர் வரட்டும்.

தாராவை மீட்கும் போராட்டத்தை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அவள் திரும்பி வரும் நாளில், அவளை வரவேற்க இந்த மாவட்டத்து மக்கள் தம் வரலாற்றைத் தாமே அறிந்தவர்களாய், தம் இல்லத்தின் திறப்பைத் தம் கையில் உடையவர்களாய் இருத்தல் வேண்டும். அதற்கான வேலை இன்று தொடங்கவேண்டியது.